பிளவுக்குள் மூன்று தட்டு

இந்த ஊரில் கொடியில் போட்ட துணி கால் மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. வந்து ஒரு வருஷம் ஆச்சு. என் மனைவி சரசு இன்னும் இரண்டு தடவை தொட்டுப் பார்த்துத்தான் எடுக்கிறாள். மலேசியாவில், மலாக்காவின் அலோர் காஜா பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில், மழைக்காலத்தில் காற்சட்டை மூன்று நாள் ஆனாலும் காயாது. இங்கே, அமெரிக்காவில், யூட்டா பாலைவனத்தில், உதடுகூட வெடிக்கிறது. மகள் கூப்பிட்டாள், வந்தோம். நான் ஒரு மோட்டலில் படுக்கை விரிப்பு துவைக்கிறேன்.

கூட வேலை செய்யும் பென் இந்த ஊர்க்காரன். லீவு நாளில் பாறைப் பிளவுகளுக்குள் ஆட்களைக் கூட்டிப்போவான். போன மாதம் எங்களையும் கூட்டிப்போனான். மரப்பட்டையில் உளி இழுத்த மாதிரி மலையில் ஒரு கீறல். அதற்குள் போக வேண்டும். தோள் இரண்டு பக்கமும் உரசும். சில இடத்தில் பக்கவாட்டில்தான் நகர முடியும். சுவரெல்லாம் சிவப்பு, வளைந்து வளைந்து, ஓடுகிற தண்ணீரை யாரோ நிறுத்தி வைத்த மாதிரி. மேலே வானம் ஒரு முழம். வெளிச்சம் நேரே விழாது. ஒரு சுவரில் பட்டு, எதிர்ச்சுவரில் பட்டு, நிறம் மாறி மெதுவாகக் கீழே இறங்கும். என் கையே எனக்குச் செம்பாகத் தெரிந்தது.

காலைப் பனியில் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பால்மரக்காடும் இப்படித்தான் இருக்கும். மர நிரைக்கு நடுவே வானம் ஒரு கோடு. கல்யாணத்துக்கு முன்பே சரசுவுக்கும் எனக்கும் பால் வெட்டப் பக்கத்துப் பக்கத்து நிரை. தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், காட்டுக்குள் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். பேரை வேறு எதுவோ கேட்டுக்கொள்ளுமாம். பேர் சொல்லிக் குரல் வந்தால் பதிலும் கொடுக்க மாட்டோம். ஆளைத் தேட, உளியின் பின்பக்கத்தால் பால் வாளியில் மூன்று தட்டு. அந்தப் பக்கமிருந்து மூன்று தட்டு வரும். ஆள் இருக்கிறாள். வெட்டைத் தொடரலாம். தட்டு நிற்காமல் வந்தால் வெட்டு முடிந்தது, வா என்று அர்த்தம்.

சரசு ஒல்லி. வளைவுகளில் எங்களை விட்டு முன்னே போய்விட்டாள். அப்போது மண்வாசம் வந்தது. "மழை" என்று சிரித்தேன். தோட்டத்தில் மழை என்றால் மரம் நனைந்துவிடும், வெட்டு இல்லை, வீட்டுக்குப் போகலாம். பென் சிரிக்கவில்லை.

"இங்கே பெய்ய வேண்டாம். இருபது மைல் தள்ளிப் பெய்தால் போதும். தண்ணீர் இதற்குள்தான் வரும். முன்னால் பிளவு இரண்டாகப் பிரியுது. எதில் போனாள்?"

தெரியவில்லை. அவனே கத்தினான். "சாராசூ!" சுவர்கள் அந்தப் பேரைப் பல குரலில் திருப்பிச் சொல்லின. பதில் இல்லை. மறுபடியும் கத்தினான். இல்லை.

"விழுந்துட்டாளா?"

"இல்லை."

"பிறகு ஏன் பேசவில்லை?"

"நீ பேர் சொன்னாய்."

பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான். விளக்க என்னிடம் இங்கிலீஷும் இல்லை, நேரமும் இல்லை. தண்ணீர்ப் போத்தல் இரும்பு. மோட்டல் சாவியால் மூன்று தட்டு தட்டினேன். சுவர் அதை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது. மறுபடி மூன்று. அப்புறம் வலது பக்கப் பிளவிலிருந்து, கல்லால் கல்லில், மூன்று தட்டு. நான் நிறுத்தவில்லை. சத்தம் கிட்டே கிட்டே வந்தது. தலையெல்லாம் சிவப்பு மண்ணோடு சரசு வந்தாள்.

"ஏங்க, கூப்பிட்டது அந்த வெள்ளைக்காரனா? நான் பேய்னு நெனச்சேன்லா."

"ஓடு."

"என்ன, வெட்டு முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு. ஓடு."

வெளியே வந்து பாறைமேல் ஏறினோம். முதலில் சத்தம் வந்தது. பிறகு சிவப்புத் தண்ணீர், முழு மரத்தை உருட்டிக்கொண்டு. எங்கள்மேல் ஒரு சொட்டு விழவில்லை. வானம் நீலமாகவே இருந்தது.

"அது என்ன தட்டு?" என்று கேட்டான்.

"ரப்பர்" என்றேன்.

அவன் தன் காலில் கிடந்த சப்பாத்தின் அடியைத் திருப்பிப் பார்த்தான்.

இப்போதெல்லாம் துணி எடுக்கும்போது சரசு கொடிக்கம்பியில் மூன்று தரம் தட்டுகிறாள். நான் அடுப்படியில் கரண்டியால் மூன்று தட்டுகிறேன். இடையில் பத்தடிதான். சத்தம் மட்டும் பால்மரக்காட்டைச் சுற்றிக்கொண்டு வருகிறது.