நான் வதக்கிய தகரைக் கீரை

போன ஆவணி மாதம், மழை ஈரத்தில் வழுக்கி விழுந்து என் மனைவிக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்டுவிட்டு, ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார் டாக்டர். இருபது வருடமாகப் பாகூரில் கணக்கு வாத்தியாராக இருக்கும் எனக்கு அடுப்படியில் வெந்நீர் வைக்க மட்டுமே தெரியும். நாலு நாள் ஓட்டல் சாப்பாடு. ஐந்தாம் நாள் அவளுக்கு அலுத்துவிட்டது.

"வாய்க்கா ஓரம் தகரை மொளச்சிக் கெடக்கும். பறிச்சிக்கினு வாங்க. நான் சொல்லச் சொல்லச் செய்யிங்க" என்றாள்.

யாரும் விதைக்காத செடி அது. மழை விழுந்தால் முழங்கால் உயரத்துக்கு மண்டிவிடும். பள்ளிக்கூடம் போகிற வழியில் தினமும் அதைத் தாண்டித்தான் போவேன். ஒரு பை நிறையப் பறித்து வந்து முறத்தில் கொட்டினேன். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாங்க இது, எல்லாம் முத்தல்! நாத்தம் தாங்கல. மஞ்சப் பூ உட்ட செடி கிட்டயே போவாதீங்க. பூக்காத செடியில கொழுந்த மட்டும் கிள்ளணும்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் மறுபடி போனேன். ஒரு மணி நேரம் குனிந்து கிள்ளியதில் இரண்டு கைப்பிடி தேறியது. அவள் முக்காலியில் உட்கார்ந்து சொல்ல, நான் வெங்காயம் அரிந்தேன், கண்ணைத் துடைத்தேன், மிளகாயும் பூண்டும் தாளித்தேன். கீரை சுருண்டதும் வெந்த பாசிப்பருப்பைப் போட்டுத் தேங்காய் தூவினேன்.

அடுப்பிலிருந்து சட்டியை இறக்கும்போது மதகடிப்பட்டிலிருந்து அவள் தம்பி அக்காவைப் பார்க்க வந்துவிட்டான். இலை போட்டோம். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அக்காவைக் கடிந்துகொண்டான்.

"ஒடஞ்ச கைய வெச்சிக்கினு இதெல்லாம் ஏங்க்கா செய்யிற? ஆனா அம்மா செஞ்ச மாதிரியே இருக்குது."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் எங்கடா செஞ்சேன்? பறிச்சது, அரிஞ்சது, தாளிச்சது எல்லாம் உங்க மாமா."

"மாமா, நீங்களா?"

அவன் இலையில் இன்னும் கொஞ்சம் கீரை வைத்தேன். என் வகுப்புப் பிள்ளைகள் நூற்றுக்கு நூறு வாங்கியபோதுகூட எனக்கு நெஞ்சு இப்படி நிமிர்ந்ததில்லை.

கட்டுப் பிரித்த பிறகும் மழைக்கால ஞாயிறுகளில் கீரை என் வேலைதான். பக்கத்து வீட்டில் யாராவது என்ன குழம்பு என்று கேட்டால், அவள் குழம்பை விட்டுவிட்டு, "எங்க வூட்டுக்காரரு கீரை வதக்கறாரு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறாள். எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் மெதுவாகச் சொல் என்று நான் இதுவரை சொன்னதில்லை.