தொட்ட கை

யாருடைய தூண்டிலிலாவது மீன் மாட்டினால் டெல்ஃபின் மெடெய்ரஸ் முதலில் தன் இரண்டு கைகளையும் மார்புக்குள் செருகிக்கொள்கிறார். மார்புவரை ஏறும் ஆரஞ்சு நிற ரப்பர் உடுப்பு அவருடையது. அதன் முன்பக்கத்தில் கைகளை மணிக்கட்டுவரை திணித்து, குளிரில் நிற்கிறவர் மாதிரி தோள்களைக் குறுக்கிக்கொண்டு, மீன் மாட்டியவரின் பின்னால் போய் நிற்கிறார். வெயில் கொளுத்தும் நாளிலும் அப்படித்தான். வாய் மட்டும் வேலை செய்யும். "சுத்து, சுத்து, விடாத! கோலைத் தூக்கு. ஆங், இப்ப சுத்து!" மீன் மேலே வந்து தண்ணீரைக் கிழிக்கும்போதுதான் வலது கை வெளியே வரும், கொக்கிக் கம்பை எடுக்க. மீன் படகுக்குள் விழுந்ததும் கை மறுபடி உள்ளே போய்விடும்.

"கைக்கு யாரு விலங்கு மாட்டினது, கலிபோர்னியா?" என்று பயணிகள் பட்டப்பெயர் சொல்லிக் கேட்பார்கள். "என் பொண்டாட்டி" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார், கடைசியாக.

நியூ ஜெர்சிக் கரையிலிருந்து தினமும் காலையில் கிளம்பும் 'மிஸ் கோரலீ' படகில் அவர் ஊழியர். டிக்கெட் வாங்கிய யார் வேண்டுமானாலும் ஏறி மீன் பிடிக்கலாம். நங்கூரம் போட்டதும் அரைத்த மீன்கூழைக் கரண்டி கரண்டியாகக் கடலில் ஊற்றி நீலமீன்களை வரவழைப்பது, சிக்கிய தூண்டில் நரம்புகளைப் பிரிப்பது, திரும்பும் வழியில் மீனைச் செதுக்கித் தருவது எல்லாம் அவர் பொறுப்பு. சூரியகாந்தி விதைகளை எந்நேரமும் மென்றுகொண்டிருப்பார். தோல்களைக் கடலில் துப்பமாட்டார். சட்டைப் பையில் சேர்த்து, கரைக்கு வந்து குப்பையில் கொட்டுவார். கேட்டால், "மீனுக்கு அது தீனின்னு தோணிடும். ஏமாத்தக் கூடாதுல்ல?" என்பார். கொக்கியில் இரையைக் கோத்தபடியே சொல்வார்.

பிறந்தது கலிபோர்னியாவின் சான் டியேகோவில், போர்த்துக்கீசியக் குடும்பத்தில். முப்பது வருடம் அங்கேயே இதே வேலை. மனைவி கேத்லீன் நியூ ஜெர்சிக்காரி. வயதான காலத்தில் தங்கைகளின் பக்கம் போகலாம் என்றாள், வந்துவிட்டார். "அவ முப்பது வருஷம் என் கடலப் பாத்துட்டு இருந்தா. இப்ப நான் அவ கடலப் பாக்குறேன். இது கொஞ்சம் கோவக்காரக் கடல், அவள மாதிரியே."

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எண் எழுதிய சாக்குகளை ஒரு கட்டு கொண்டுவந்தார். சான் டியேகோவில் ஒவ்வொரு பயணிக்கும் ஒரு எண், ஒரு சாக்கு. பிடித்த மீன் அதற்குள் போகும். இங்கே ஆளாளுக்குச் சொந்த வாளியோடு வந்து நின்றார்கள். சாக்குகளைப் பார்த்த ஒருவர், "உருளைக்கிழங்கு விக்கிறியா?" என்று கேட்டார். அன்றைக்கு விழுந்த பெயர்தான் கலிபோர்னியா. சாக்குகள் இப்போது இயந்திர அறை வாசலில் மிதியடியாகக் கிடக்கின்றன. அவரே போட்டதுதான்.

சான் டியேகோ பக்கத்து வழக்கங்கள் வேறு. மீன் மாட்டியவர் அங்கே மீனோடு நடக்க வேண்டும். மீன் இடது பக்கம் ஓடினால் அவரும் படகின் ஓரமாகவே இடது பக்கம் ஓடுவார், மற்றவர்கள் ஒதுங்குவார்கள். நரம்புகள் குறுக்கிட்டால் ஊழியர் கோலையே கையில் வாங்கி, ஒருவர் நரம்புக்கு மேலே, அடுத்தவர் நரம்புக்குக் கீழே என்று விட்டெடுத்து, அந்தப் பக்கம் உரியவரிடம் கொடுப்பார். அதைச் செய்யாதவரை அங்கே ஊழியர் என்றே சொல்லமாட்டார்கள். இடையில் இரண்டு குளிர்காலம் அவர் ஃப்ளோரிடாவிலும் வேலை பார்த்தார். அங்கே நிற்கும் இடத்துக்கும் எண் ஒட்டியிருக்குமாம். காட்டிய இடத்தில் நின்று, பிடித்ததை எண் போட்ட வளையத்தில் கோத்துவிட்டு, சத்தமில்லாமல் வீட்டுக்குப் போவார்களாம். "சர்ச் மாதிரி இருக்கும். எனக்குத் தூக்கம் வந்துடுச்சு."

நியூ ஜெர்சியில் யாரும் நடப்பதில்லை. விடிவதற்கு முன்பே வந்து, வேண்டிய இடத்தில் கோலை ரப்பர் கயிற்றால் கட்டிவிட்டால் அந்த இடம் அன்றைக்கு அவருடைய சொந்த நிலம். மீன் எங்கே ஓடினாலும் அவர் நகரமாட்டார். பக்கத்தில் இருப்பவர் நரம்பைச் சுற்றி எடுக்கும்வரை கத்துவார். இன்னொன்றும் உண்டு. எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பந்தயம் வைப்பார்கள், அன்றைய பெரிய மீனுக்கு. ஊழியரின் கை கோலில் பட்டுவிட்டால் அந்த மீன் பந்தயத்தில் சேராது. பட்டவுடன் ஊழியர் மேலே சுக்கான் அறையைப் பார்த்து வலது கையை உயர்த்த வேண்டும். இரைச்சலில் வார்த்தை கேட்காது, கை தெரியும். கேப்டன் தலையசைப்பார். அவ்வளவுதான் சட்டம்.

முதல் வருடத்தில் டெல்ஃபின் இரண்டு முறை கை உயர்த்தினார். முப்பது வருடப் பழக்கம், மூளைக்கு முன்னால் கை போய்விட்டது. இரண்டாவது முறை கேப்டன் டூலி ஜன்னலைத் திறந்து, படகு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "மூணாவது தடவ தூக்கினா, டெல், கொக்கிக் கம்பு உனக்கு வேணாம். உள்ள போய் முட்டை பொரி." அன்று கரை சேரும்வரை யாராவது ஒருவர் "எனக்கு ரெண்டு முட்டை, கலிபோர்னியா!" என்று கத்திக்கொண்டே இருந்தார்கள்.

பெர்னடெட் ஸுரோவ்ஸ்கியை எல்லோரும் பெர்னி என்பார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வியாழக்கிழமை தவறாமல் வருவார். படகின் பின்பக்க இடது மூலை அவருடையது. நீலமீனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. இத்தனை வருடத்தில் பந்தயம் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை, எப்போதும் இரண்டாவது. 'ரெண்டாம் பெர்னி' என்று பெயர். டெல்ஃபினின் ஊர்க் கதைகளை முழுக்கக் கேட்கிற ஒரே ஆள் அவர்தான். கேட்டுவிட்டு, "அது ஏன்யா மீன் பின்னாடியே ஓடுறீங்க? ஓடிப்போய்ப் புடிக்க அது என்ன பஸ்ஸா?" என்பார். டெல்ஃபின், "எங்க ஊர் மீன் நிறுத்தத்துல நிக்காது, பெர்னி" என்பார். இருவருக்கும் பக்கத்தில் எப்போதும் லியோன் பாப்டிஸ்ட் நிற்பார். ஹெய்ட்டிக்காரர், மருத்துவமனைச் சமையல்காரர். அதிகம் பேசமாட்டார்.

சென்ற செப்டம்பரில் ஒரு வியாழன். லியோன் பிடித்திருந்த மீன்தான் அதுவரை பெரியது. மதியத்துக்கு மேல் பெர்னியின் கோல் வளைந்தது. வளைந்த விதத்திலேயே தெரிந்தது, இது வேறு மீன். படகின் அடியில் பாய்ந்து, திரும்பி, நேராக லியோனின் நரம்பை நோக்கி ஓடியது. லியோன் தன் கோலைக் கம்பியில் சாய்த்துவிட்டு, குனிந்து இரை வெட்டிக்கொண்டிருந்தார். நரம்பும் நரம்பும் உரசின. இன்னொரு கணம் போனால் அறுந்துவிடும்.

டெல்ஃபினின் கைகள் போய்விட்டன. பெர்னியின் பிடியிலிருந்து கோலை வாங்கி, லியோனின் நரம்புக்கு மேலே சுற்றி எடுத்து, அந்தப் பக்கம் திரும்ப அவரிடமே கொடுத்தன. கண் சிமிட்டும் நேரம். அழகாகச் செய்த வேலை. சான் டியேகோவாக இருந்தால் யாராவது கை தட்டியிருப்பார்கள். பெர்னி நிறுத்தாமல் சுற்றினார்.

அப்போதுதான் டெல்ஃபினுக்கு நினைவு வந்தது. வலது கை எழுந்தது. மார்பு உயரம்வரை வந்தது. மேலே பார்த்தார்; டூலி அந்தப் பக்கம் திரும்பி யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். கை அங்கேயே நின்று, பிறகு இறங்கி, ரப்பர் உடுப்பில் துடைத்துக்கொண்டது. லியோன் நிமிர்ந்தார். அவர் பார்த்தாரா என்று டெல்ஃபினுக்கு இன்றுவரை தெரியாது.

கரையில் எடை போட்டார்கள். பெர்னியின் மீன் லியோனுடையதை எளிதாகத் தாண்டியது. டூலி எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"யாராச்சும் கோலத் தொட்டீங்களா? டெல்?"

"இல்ல, கேப்டன்."

நேரம் கேட்டால் சொல்வது மாதிரி வந்தது அந்தச் சொல். அது அத்தனை சுலபமாக வந்ததைத்தான் அவரால் இன்னும் தாங்க முடியவில்லை.

பெர்னி வாயைத் திறந்தார். ஆனால் அதற்குள் கூட்டம் கத்த ஆரம்பித்துவிட்டது. "ரெண்டாம் பெர்னி காலி! இனிமே முதல் பெர்னிடோய்!" யாரோ அவர் தோளைப் பிடித்துக் குலுக்கினார்கள், யாரோ மீனை அவர் கையில் திணித்துப் படம் எடுத்தார்கள். பெர்னி வாயை மூடிக்கொண்டார். லியோன் வந்து கை கொடுத்தார். "நல்ல மீன், பெர்னி. உங்களுக்கு என்னைக்கோ வரவேண்டியது." பெர்னி அவர் கையைப் பிடித்தபடி டெல்ஃபினின் கைகளைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போய் டெல்ஃபின் கேத்லீனிடம் சொன்னார். "பாவம், அந்தம்மா ஒருதடவையாச்சும் ஜெயிக்கட்டும்னுதான் சொல்லாம விட்டேன்."

கேத்லீன் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அவங்க கேட்டாங்களா?"

"என்ன?"

"அப்படி ஜெயிக்க வைன்னு அவங்க உன்கிட்ட கேட்டாங்களா?"

அந்தக் கேள்வியை டெல்ஃபின் அதற்குப் பிறகு பலமுறை தனக்குள் திருப்பிப் பார்த்திருக்கிறார். பெர்னிக்காகவா, முட்டை பொரிக்கப் பயந்தா? கரையில் கேள்வி வந்தபோது பெர்னியின் முகம் கண்ணில் பட்டது உண்மை. அதற்கு முன்னால், நடுக்கடலில் கை பாதியில் நின்றதே, அப்போது அவர் பெர்னியைப் பார்க்கவே இல்லை. ஜன்னலைத்தான் பார்த்தார். கையைத் தூக்கியிருந்தால் பெர்னி ஒரு வாரம் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பார், அடுத்த வியாழன் பேருந்து நகைச்சுவையோடு வந்திருப்பார். இப்போது அவரையும் பொய்யில் கூட்டுச் சேர்த்தாகிவிட்டது. அவர் மறுத்துப் பேசியிருந்தால் டெல்ஃபினின் கொக்கிக் கம்பு போயிருக்கும். பேசாததால் அந்த மீன் அவருடையதாக இல்லாமல் போயிற்று.

அடுத்து வந்த வியாழன்களில் பெர்னி வரவில்லை. படம் படகின் உள்ளறைச் சுவரில், காபிப் பாத்திரத்துக்கு மேலே ஏறியது. அதில் அவர் சிரிக்கவில்லை. கண்ணில் வெயில் பட்டிருக்கும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். காலையில் உள்ளறையைத் துடைப்பது டெல்ஃபினின் வேலை. எல்லாப் படங்களின் கண்ணாடியையும் துடைப்பார். அதை மட்டும் துடைக்கமாட்டார், அதன் மேல் ஒரு படலம் படிந்துகொண்டே வருகிறது.

பிறகு ஒரு வியாழன் பெர்னி வந்தார். கோலைப் பின்மூலையில் கட்டவில்லை. படகின் முன்முனைக்குப் போனார்; தாமதமாக வருகிறவர்களுக்கு மிஞ்சுகிற இடம், நங்கூரக் கயிறு இடிக்கும், மீன்கூழ் அங்கே போய்ச் சேராது. "ஏன் இங்க?" என்று டெல்ஃபின் கேட்டார். "காத்து நல்லா வருது" என்றார். பந்தயத்துக்குப் பணம் போடும் வாளி சுற்றி வந்தபோது தலையாட்டி மறுத்தார். முன்பெல்லாம் உள்ளறைக்குப் போய், பன்றி இறைச்சியும் முட்டையும் சீஸும் வைத்த ரொட்டி வாங்கி, சமையல்காரரிடம் வம்பளந்துவிட்டுத்தான் வெளியே வருவார். இப்போது வீட்டிலிருந்தே பிளாஸ்கில் காபி கொண்டுவருகிறார். உள்ளே நுழைவதில்லை.

அதற்குப் பிறகுதான் டெல்ஃபின் கைகளை மார்புக்குள் செருக ஆரம்பித்தார்.

பின்மூலை காலியாகவே இருந்தது. பழைய ஆட்கள் அங்கே கட்டமாட்டார்கள். சென்ற வியாழன் புதிதாக ஒருவர் வந்தார், பென்சில்வேனியாவிலிருந்து, பளபளக்கும் புதுக் கோலோடு. கடல் தட்டாகக் கிடந்தது. மணிக்கணக்காகியும் ஒருவருக்கும் ஒன்றும் மாட்டவில்லை; நரம்புகள் எல்லாம் தொங்கின. புதியவர் நின்று நின்று சலித்துப்போய், கோலைத் தூக்கிக்கொண்டு காலி மூலைக்கு வந்தார்.

லியோன் திரும்பிப் பார்த்தார். "சார், அது பெர்னியோட இடம்."

"பெர்னி யாரு?"

"முன்னாடி நிக்கிறாங்களே, அவங்க."

"அவங்கதான் அங்க நிக்கிறாங்களே. அப்புறம் இது எதுக்குச் சும்மா கிடக்கு?"

"வருவாங்க" என்றார் லியோன். அவ்வளவுதான் சொன்னார். இரையைக் கொக்கியில் கோத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

டெல்ஃபின் கூழ்க் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். கரண்டியை வாளிக்குள் வைத்தார். உடுப்பில் கையைத் துடைத்தார். முன்முனையில் பெர்னி பிளாஸ்கின் மூடியில் காபி ஊற்றிக்கொண்டிருப்பது தெரிந்தது. பிறகு சுக்கான் அறையை அண்ணாந்து பார்த்து, வலது கையை உயர்த்தினார்.

டூலி பார்த்துவிட்டு ஜன்னலைத் தள்ளினார். "என்னய்யா டெல்? யாரு கோலு?"

டெல்ஃபினின் கை இந்த முறை மார்பு உயரத்தில் நிற்கவில்லை.

"ஒரு மீன்கூட மாட்டலையேய்யா! எதுக்குக் கையத் தூக்குற?"

"எனக்கு ரெண்டு முட்டை!" என்று யாரோ கத்தினார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரிப்பு தொடரவில்லை. முன்முனையில் பெர்னி திரும்பிப் பார்த்தார், காபி மூடி கையிலேயே இருந்தது. லியோன் இரை வெட்டும் கத்தியைக் கீழே வைத்தார்.

"இறக்குய்யா கைய!" என்றார் டூலி.

டெல்ஃபின் முழங்கையை நிமிர்த்தி, இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.