கடம்பூர்க் கரிசலில் ஓர் இரும்புத் தேவாலயம்

இரும்பு சத்தம் போட்டால் இடிந்து விழப்போகிறது என்று அர்த்தம். ஐம்பத்திரண்டு வயது வரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். கட்டில் கிறீச்சிட்டாலே தரைக்கு இறங்கிவிடுகிற ஆள், இரும்பாலேயே கட்டிய தேவாலயத்தைப் பார்க்கக் கிளம்பினேன்.

காலை எட்டரைக்குக் கோவில்பட்டியில் பஸ். கடம்பூர் இருபது கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். சித்திரை வெயிலில் இருபுறமும் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

"இந்த மண்ணுல எந்தச் செவரு நிக்கும் அண்ணாச்சி? எங்க வீட்டு வெடிப்புல கைய விட்டுப் பக்கத்து வீட்டுல தீப்பெட்டி வாங்குதோம்" என்றார் ஆட்டோக்காரர்.

இரும்புக்குக் காரணம் அதுதான். மில் வேலைக்கு வந்த மலையாள ஆர்த்தடாக்ஸ் குடும்பங்கள் முதலில் கட்டிய செங்கல் கோயில் பிளந்துபோனதாம். பிறகு தூண், வளைவு, சுவர்த்தகடு எல்லாம் வெளியூரில் வார்த்து, எண் பொறித்து, ரயிலில் வந்திறங்கின. இஸ்தான்புல்லில் இதைவிடப் பெரிய இரும்புத் தேவாலயம் உண்டு. அங்கேயும் வலுவில்லாத மண்தான் காரணம்.

பத்தரைக்கு உள்ளே போனேன். பன்னிரண்டு வார்ப்பிரும்புத் தூண்கள், தலையில் திராட்சைக் கொடி. பலிபீடத்துக்கு முன் சிவப்புத் திரை, அதன் கீழே ஒரு ஸ்பேனர். சபைச் செயலாளர் சாராம்மா, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை, விளக்கினார்.

"வெல்டிங்கே கெடையாது, எல்லாம் போல்ட்டு. ஓட்டை வட்டமா இல்ல, நீளமா இருக்கு பாருங்க. வீட்டுக்கு ஒரு தூணு. ஈஸ்டர் முடிஞ்சதும் அவிய அவிய தூண்ல போல்ட்டத் தளத்திவிடுவாவ. மழை பேஞ்சு மண்ணு அமந்ததும் முறுக்குவோம்."

அப்போது தலைக்கு மேலே 'டமார்' என்றது. அடுத்து நான் நின்ற இடம் வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடி. வேட்டி முழங்காலுக்கு மேலே. ஒரு செருப்பு கரிசல் வெடிப்புக்குள்.

"வெயில் ஏறுதுல்லா, தகடு நீளுது. அதுக்கா இந்த ஓட்டம்?" சாராம்மா பின்னால் வந்தார்.

என் போதாத காலம், அந்த மரத்தடியில்தான் சபைக் கமிட்டி கூடியிருந்தது. வெளிநாட்டிலிருக்கும் ஒருவர் ஏசி தருகிறார். குளிர் வெளியேறாமலிருக்க மூட்டுகளையெல்லாம் வெல்டிங் வைத்துப் பற்றவைக்க வேண்டும் என்று காண்ட்ராக்டர் மன்றாடிக்கொண்டிருந்தார். கமிட்டி தயங்கியது. நான் வந்து சேர்ந்தேன்.

"பாத்தீங்களா டீச்சர்? வந்த மனுசன் உசுரக் கையில புடிச்சுட்டு ஓடியாராரு. கல்யாண வீட்டுக்காரவுக ஓடினா நல்லாருக்குமா?" என்றார் காண்ட்ராக்டர்.

எல்லோரும் என் ஒற்றைச் செருப்பைப் பார்த்தார்கள்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஊரே வெடிக்கிற மண்ணில் வெடிக்காமல் நிற்க ஒரு வழி கண்டுபிடித்து, வீட்டுக்கு வீடு அதைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். குளுகுளுவென்று ஜெபம் பண்ணுவதற்காக அதையா அடைப்பது? அது சத்தம் போடுவதே நகர இடம் இருப்பதால்தான் என்று கத்தினேன்.

"அப்பம் நீரு ஏன் ஓடுனீரு?" என்றார் காண்ட்ராக்டர்.

நான் வெடிப்புக்குள் கையை விட்டுச் செருப்பைத் தேடினேன். பற்றவைக்கலாம் என்று கமிட்டியில் கைகள் உயர்ந்தன. சாராம்மாவின் கை மட்டும் மடியிலேயே இருந்தது.

"நீங்க நாளைக்கு வந்திருக்கலாம் அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான்.

அந்த வாரமே பற்றவைத்தார்கள். ஐப்பசி மழையில் கரிசல் உப்பியபோது மேற்குப் பக்கத்துத் தூண்கள் மூன்று, பற்றவைத்த இடத்தை ஒட்டி வெடித்தன. இப்போது ஆராதனை மில் சாப்பாட்டுக் கூடத்தில் நடக்கிறது.