இருபத்தாறாவது துண்டு

எங்கள் பட்டறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளியிலிருந்து வேன் ஓட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் 'மறுபடி'தான். எந்த வேலையையும் முடித்துக் கையில் கொடுப்பதற்கு முன்னால், "இருங்கண்ணா, மறுபடி ஒரு தடவ பாத்துடறேன்" என்பாள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போய்விட்டது. அந்தப் பெயரை வைத்தவனும் நான்தான். பெரிய பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன் அப்போது.

நாங்கள் தகடுகளை லேசரில் வெட்டிக் கொடுக்கிறவர்கள். அவள் கணினியில் படம் வரைவாள். நான் அதை மெஷினில் ஏற்றி வெட்டுவேன். பதினோரு வருஷமாக அவள் மேசைக்கும் என் மெஷினுக்கும் நடுவில் இருப்பது ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும்தான். நான் கத்துவது அவளுக்குக் கேட்கும். அவள் முணுமுணுப்பது எனக்குக் கேட்காது. அதனால் நான்தான் அதிகம் கத்தியிருக்கிறேன்.

அவள் வேலையைப் பார்க்கிறவர்களுக்கு, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரு வட்டம், ஒரு நீள்சதுரம், இன்னொரு வட்டம். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து யுனைட் அழுத்தினால் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே உருவமாகிவிடும். மைனஸ் அழுத்தினால் மேலே இருக்கிற உருவம் கீழே இருப்பதைக் கடித்து எடுத்துவிடும், அந்த இடத்தில் துளை. சேர்ப்பது, கழிப்பது, அவ்வளவுதான் கணக்கு. இதற்குப் போய் அவள் படுகிற பாடு இருக்கிறதே!

எந்த உருவத்தையும் சேர்ப்பதற்கு முன்னால் அதற்கு ஒரு நகல் எடுத்து, தகட்டுக்கு வெளியே ஓரமாக வரிசையாய் வைத்துக்கொள்வாள். திரையைப் பார்த்தால் வீடு காலி செய்கிறவர்கள் வாசலில் சாமானை இறக்கி வைத்த மாதிரி இருக்கும்.

"இத எல்லாம் அழிச்சாத்தான் என்ன?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"சேத்துட்டா எது எங்க இருந்ததுன்னு தெரியாதுண்ணா. வெட்டிட்டா வெட்டுனதுதான். பயமா இருக்கு."

பயம். அவளுக்கு எதற்குத்தான் பயமில்லை? பூட்டிய வீட்டைப் பார்க்கப் பாதி வழியிலிருந்து திரும்பிப் போவாள். லிஃப்டில் ஏறமாட்டாள். மகளுக்கு இரண்டு தும்மல் வந்தால் இவளுக்குத் தூக்கம் போய்விடும். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் அடுத்தடுத்துப் போனபோது இவளுக்குப் பதினெட்டு வயது, தங்கைக்கு ஒன்பது. படிப்பை விட்டுவிட்டு ஸ்டிக்கர் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த மாதமே ஒரு கடைப் பெயரைச் சுழித்துச் சுழித்து எழுதி, எழுத்துகளை யுனைட் செய்ய மறந்து வெட்டக் கொடுத்துவிட்டாளாம். எழுத்தும் எழுத்தும் உரசுகிற இடத்திலெல்லாம் கத்தி இறங்கி, கண்ணாடியில் ஒட்டப்போனபோது பெயர் துண்டு துண்டாகக் கொட்டியது. அன்றைக்கு வாங்கிய திட்டு இன்றைக்கும் அவள் தோளில் உட்கார்ந்திருக்கிறது என்பேன். அவளும் சிரிப்பாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அதுதான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. நான் வெட்டி முடித்ததும் மெஷினுக்கு அடியில் இருக்கிற கழிவுத் தட்டை இழுத்து, துளைகளிலிருந்து விழுந்த துண்டுகளைப் பொறுக்கி எண்ணுவாள். முப்பது துளை என்றால் முப்பது துண்டு இருக்க வேண்டும். என் மெஷினை, என்னையே, சோதிக்கிற மாதிரி எனக்கு ஆத்திரமாக வரும்.

அந்த ரொட்டித் தொழிற்சாலை வேலை அவள் தங்கையால் வந்தது. தங்கை அங்கே மாவு பிசைகிற பெரிய மெஷினில் நிற்பவள். உள்ளே சுழல்கிற இரும்புக் கைக்கும் ஆளுக்கும் நடுவில் மறைப்பே கிடையாது. பக்கத்து மெஷினில் ஒரு பெண்ணுக்கு விரல் நுனி போனது. அதைக் கேட்ட நாளிலிருந்து எங்கள் மறுபடி சாப்பிட்டாளா இல்லையா என்றே எனக்குத் தெரியாது. தங்கையை விட்டு மேலாளரிடம் பேசவைத்து, தானும் நேரில் போய் அளவெடுத்து, ஒரு காப்புத் தகடு வரைந்தாள். உள்ளே மாவு தெரிய வேண்டும், விரல் போகக் கூடாது. அதனால் மாத்திரை வடிவத்தில் இருபத்துநாலு நீளத் துளைகள், ஒவ்வொன்றும் எட்டு மில்லிமீட்டர் அகலம். தங்கையின் சுண்டுவிரலைக் காகிதத்தில் வைத்து வரைந்துகொண்டு வந்து அதோடு ஒப்பிட்டாள். பைத்தியமா இவளுக்கு என்று நினைத்தேன்.

படம் முடிந்த அன்று மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. மகளுக்குக் காய்ச்சல். "மறுபடி ஒரு தடவ பாக்கணும், வெட்டிடாதீங்கண்ணா, நான் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அவள் போன அரைமணி நேரத்தில் தொழிற்சாலையிலிருந்து மேலாளர் பேசினார். தகடு இன்னும் கொஞ்சம் அகலம் வேண்டும், வலது ஓரத்தில் இரண்டு துளை கூட வேண்டும், சாயங்காலம் வேனில் வந்தாக வேண்டும். முதலாளி என்னைப் பார்த்தார்.

"அவ வந்துதான் ஆகணுமா?"

"எதுக்கு? ரெண்டு ஓட்டை. நானே போட்டுடறேன்" என்றேன். என் வாயை அன்றைக்கு யாராவது தைத்திருக்கலாம்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். தகட்டை அகலப்படுத்தினேன். ஓரத்தில் அவள் எடுத்து வைத்திருந்த நகல்களிலிருந்து இரண்டு துளைகளைச் சேர்த்தே இழுத்துக்கொண்டு வந்து கடைசித் துளைக்குப் பக்கத்தில் வைத்தேன். முழுத் தகடும் தெரிகிற மாதிரி திரையைச் சின்னதாக்கி வைத்திருந்தேன். எல்லாம் கறுப்புக் கோடுகள் மாதிரி இருந்தன. எல்லாத் துளைகளையும் பிடித்து யுனைட். பிறகு மைனஸ். கணினி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்டினேன், மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளோடு அப்படியே கட்டி வேனில் ஏற்றினேன். மறுபடிக்கு இரண்டு நாள் ஆகிற வேலை எனக்கு இருபது நிமிஷம் என்று டீ குடிக்கும்போது பீற்றிக்கொண்டது வேறு.

மறுநாள் அவள் லீவு. அதற்கடுத்த நாள் காலையில் வந்தாள். மகளுக்குத் தேவலை என்றாள். அளவை மாற்றிக் கேட்டார்கள், தகடு அன்றைக்கே போய்விட்டது என்று சொன்னேன். முகம் சுருங்கியது.

"யார் மாத்துனது?"

"மாத்தறதுக்கு என்ன இருக்கு, ரெண்டு ஓட்டை சேக்கணும்னாங்க, சேத்தாச்சு" என்று மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். 'நான்' என்ற சொல் வாயில் வரவில்லை. ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது.

அவள் கழிவுத் தட்டை இழுத்தாள். நீளத் துண்டுகளை மட்டும் பொறுக்கி என் மேசைமேல் வரிசையாக அடுக்கினாள். "ஆரம்பிச்சாச்சா?" என்று கிண்டல் செய்தேன். உதடு மட்டும் அசைந்தது. கடைசியில் கை நின்றுவிட்டது.

"இருபத்தஞ்சு."

"ஒண்ணு எங்கயாவது சிக்கியிருக்கும்."

"இல்லண்ணா." ஒரு துண்டை எடுத்து மற்றதன் மேல் வைத்தாள். அது மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அகலமாக இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய இரும்புப் பட்டை இல்லை. நான் சேர்த்து இழுத்துவந்த இரண்டு துளைகளும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நின்றிருக்கின்றன. நான் யுனைட் அழுத்தியதும் ஒரே துளையாகிவிட்டன.

அளவுகோலை வைத்தாள். பதினைந்து மில்லிமீட்டர். அவள் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். நானும் என் விரலைப் பார்த்தேன்.

தங்கைக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. உள்ளே வேலை செய்கிறவர்கள் போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். அலுவலக எண் அடித்துக்கொண்டே இருந்தது. மேலாளர் வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தார். "அண்ணா, வண்டிய எடுங்க" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். முதல் சிக்னலிலேயே சிவப்பு. அவசரத்தில் வண்டி இரண்டு தடவை நின்றுபோனது. அவள் புலம்பிக்கொண்டே வந்தாள்.

"என் தப்புண்ணா. அந்த நகலை எல்லாம் நான்தான் நெருக்கமா வச்சிருந்தேன். அவ்ளோ பக்கத்துல வச்சா ஒட்டிக்கும்னு தெரியாதா எனக்கு? காய்ச்சல்னதும் புத்தி கெட்டுப் போச்சு. மறுபடி பாக்காம போயிட்டேன். அவ கையில ஏதாவது ஆச்சுன்னா…"

இப்போதாவது சொல், சொல்லித் தொலை என்று உள்ளே ஒருவன் என்னைக் குத்திக்கொண்டே இருந்தான். சொல்லாமல் ஆக்சிலேட்டரை இன்னும் திருகினேன். எந்த வண்டி எதிரே வந்தாலும் அது ஆஸ்பத்திரி வண்டியோ என்று பார்த்தேன். கோழை என்று அவளைச் சொல்லித் திரிந்தவன் நான்! பதினோரு வருஷத்தில் அவ்வளவு பயந்தது அன்றைக்குத்தான். அதில் பாதி அந்தப் பெண்ணின் விரலுக்காக, பாதி எனக்காக. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

வாசலில் காவலாளி கையெழுத்துப் போடச் சொன்னார். மறுபடி அவரைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். வரிசையில் நிற்கும்போது தன் காலை மிதித்தவரிடம் கூட மன்னிப்புக் கேட்கிறவள் அவள். நான் பின்னால் ஓடினேன். நீளமான கூடம், காதைப் பிளக்கிற சத்தம், காற்றெல்லாம் மாவு. கடைசி மெஷினில் பளபளவென்று எங்கள் தகடு. அதன் முன்னால் தலையில் வலைத்தொப்பியோடு தங்கை.

அவள் ஆள்காட்டி விரல் தகட்டுக்குள் இருந்தது.

வலது ஓரத்தில், அந்த அகலத் துளைக்குள். விளிம்பில் ஒட்டிய மாவை வழித்துக்கொண்டிருந்தாள். விரலுக்குப் பின்னால் இரும்புக் கை ஒவ்வொரு சுற்றிலும் வந்து வந்து போனது. நான் கத்த வாயைத் திறந்தேன். மறுபடியோ என் வாயைப் பொத்தினாள். கத்தினால் அந்தப் பெண் திடுக்கிட்டுத் திரும்புவாள், விரல் மடங்கும். எனக்கு அது தோன்றவே இல்லை. எதற்கும் நடுங்குகிறவள் நடுங்காமல், ஓடாமல், சுவரோரமாக நடந்து போய் எல்லா மெஷினையும் நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அழுத்தினாள்.

இரும்புக் கை இன்னும் ஒரு முக்கால் சுற்று சுற்றியது. பிறகு நின்றது.

"என்னக்கா, நீ எங்க இங்க?" என்று தங்கை விரலை வெளியே எடுத்துத் துணியில் துடைத்தாள். முழு விரல். நகத்தில் மாவு. "யாரு நிறுத்துனது?"

எங்கள் மறுபடி தங்கையின் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் தொட்டாள். நான்தான் கேட்டேன்.

"ஏம்மா, ஓடற மெஷின்ல விரல விடலாமா? முன்னாடி எப்படி வழிச்சே?"

"முன்னாடி மரக்கரண்டியாலதான். இரும்பு பக்கத்துல கையக் கொண்டுபோகவே பயமா இருக்கும். இப்பதான் அக்கா தகடு போட்டுட்டாளே." பிறகு அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். "எனக்குன்னுதானேக்கா அந்த ஒண்ண மட்டும் பெருசா விட்டே? வழிக்கறதுக்கு. நேத்துலேர்ந்து எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன், எங்க அக்கா எப்படி யோசிச்சுப் பண்ணியிருக்கா பாருங்கன்னு."

அதைக் கேட்டதும் எங்கள் மறுபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாவு படிந்த தரை. அழுகை அப்போதுதான் வந்தது.

"அது அவ விடல. நான். அவ இல்லாதப்ப நான் பண்ணது" என்றேன். கூடம் அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. தங்கை தன் விரலைப் பார்த்தாள், துளையைப் பார்த்தாள், மெதுவாகக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அந்தப் பெண் அதற்கப்புறம் இன்று வரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பேச வேண்டாம்.

தகட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினோம். உள்ளே வந்ததும் அவள் தகட்டை என் மெஷின் மேல் நிறுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"விரல விடுங்கண்ணா."

"என்னம்மா…"

"விடுங்க."

விட்டேன். தடித்த விரல்தான் எனக்கு. கொஞ்சம் உரசியது, ஆனாலும் அடிக்கணு வரை போனது. அந்தப் பக்கம் சும்மா காற்றுதான். இருந்தும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஐந்து நிமிஷம் இருக்கும், அவள் தகட்டை இறக்கவில்லை. நானும் விரலை எடுக்கவில்லை. பிறகு தகட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போய், ஓரத்து நகல்களிலிருந்து இருபத்தாறு துளைகளையும் முதலிலிருந்து அடுக்கத் தொடங்கினாள்.

புதுத் தகட்டை அன்று மாலையே வெட்டினேன். கழிவுத் தட்டை நானே இழுத்தேன். குனிந்து பொறுக்கி, மேசைமேல் அடுக்கி, விரல் வைத்து எண்ணினேன். இருபத்தாறு. எல்லாம் ஒரே அகலம். அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அவள் வந்து பார்த்தாள். தலையாட்டினாள். பிறகு என்னைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு, முதல் துண்டிலிருந்து தானும் எண்ண ஆரம்பித்தாள். நான் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்றேன்.