ஒளித்துவைத்த சப்பாத்து

இன்று காலை, பத்து பெரண்டாம் என்ற எங்கள் ஊர்ச் சாலையில் ஒரு ஃபேக்டரி பஸ் என் காரை மறித்து நின்று, யாரையோ கூப்பிட்டு ஹார்ன் அடித்தது. எரிச்சல் பொங்கியது. சிறுவயது முழுக்க அந்தச் சத்தம்தான் என் அம்மாவைக் கொண்டுபோனது.

விடியற்காலையில் எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் பஸ் வந்து நிற்கும். அம்மா பாதி குடித்த மைலோவை அப்படியே வைத்துவிட்டு, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டே ஓடுவார். என் பள்ளி விழா எதற்கும் அவர் வந்ததில்லை.

ஒன்பது வயதில் நான் பேச்சுப் போட்டிக்குத் தேர்வானேன். பஸ்ஸைத் தவறவிட்டால் அம்மா பள்ளிக்கு வருவார் என்று நம்பி, அவர் வேலைக்குக் காலில் மாட்டிப்போகும் சப்பாத்தை வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

“என் சப்பாத்த பாத்தியாடி?”

“தெரியலம்மா.”

அம்மா சிலிப்பரோடு ஓடி பஸ் ஏறிவிட்டார். நான் மேடையில் நின்று வாசலையே பார்த்தேன். பாதிப் பேச்சு மறந்துபோனது.

சாயங்காலம் அம்மா வாடிப்போய் வந்தார். “சிலிப்பரோட வந்தேன்னு கேட்டுல நின்ன கார்டு உள்ள விடல. திரும்பி வர பஸ்ஸும் இல்ல. நாள் பூரா கேட்டுலயே உக்காந்திருந்தேன் லா.”

முப்பது வருடமாகச் சொல்லாததை இன்று வீடு திரும்பியதும் அம்மாவிடம் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. வெங்காயம் உரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

“எந்தச் சப்பாத்து? எனக்கு ஒன்னும் ஞாபகம் இல்லம்மா. அந்தப் போட்டியில நீ ஜெயிச்சியா?”