ஒன்பது எல்போ

என் அக்கா அந்தோனியம்மாளைக் கட்டினவர் சுவிசேஷமுத்து. சிங்கப்பூர் ஜாலான் புசார் கடைகள்ல சாமான் வாங்கி, வீடு வீடாப் போய் ஹீட்டருக்குப் பைப் போடுறவர். முப்பது வருஷமா எல்லார்கிட்டயும் ஒரே பாட்டுத்தான்: "ஒவ்வொரு எல்போலயும், அதான் பைப் திரும்புற வளைவுல, தண்ணியோட வேகம் கொஞ்சம் செத்துப்போகும். அகலமான பைப், நேர் வழி, அவ்வளவுதான் லா."

ஊருக்குத்தான் உபதேசம். குவீன்ஸ்டவுன்ல அத்தானோட சொந்த வீட்டுல ஒன்பது எல்போ. ஹீட்டர் அடுப்படிப் பக்கம். அங்கிருந்து படுக்கையறை பாத்ரூமுக்கு நேர் வழி ஹால் சுவர்தான். அந்தச் சுவர்ல இயேசுவோட திரு இருதயப் படம். குளிக்கிற தண்ணி ஆண்டவர் தலைக்கு மேல ஓடக் கூடாது, ஃபாதர் மந்திரிச்சு வச்ச படத்தையும் நகர்த்தக் கூடாதுன்னு அக்கா ஒரே பிடி. மெல்லிசுப் பைப்பை ஏத்தி இறக்கிச் சுத்தி வளைச்சுக் கொண்டுபோனார். தண்ணி நூலாட்டம் வந்தது, அதுவும் பாதி ஆறி. அக்கா அடுப்படி பாத்ரூம்லயே குளிச்சதால யாரும் கண்டுக்கலை.

போன வருஷம் அக்காவுக்கு ஸ்ட்ரோக். பேச்சு போச்சு. வலது பக்கம் தொட்டாலும் தெரியாது. வீல்சேர் அடுப்படி பாத்ரூம் படியைத் தாண்டாது. படுக்கையறை பாத்ரூமோட அந்த நூல் தண்ணியில அக்கா வெடவெடன்னு நடுங்குறதைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

"படத்தைத் தூக்கி வேற சுவத்துல மாட்டுங்க அத்தான். தலையா போயிடும்?"

"அவ சம்மதிக்கட்டும்."

வாயில்லாதவ எப்படிச் சம்மதிப்பா? கடைசியில நற்கருணை கொண்டுவந்த ஃபாதரே கேட்டார். அக்கா தலையாட்டினாங்க. மறுநாளே அத்தான் பழைய பைப்பை அறுத்து வீசிட்டு, பெரிய பைப்பா நேரா இழுத்தார். ரெண்டே எல்போ. குழாயைத் திறந்ததும் தண்ணி ஆவி பறக்கக் கொட்டுச்சு. அத்தான் முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. பார்த்து எத்தனை மாசம் ஆச்சு!

பச்சைத் தண்ணியைக் கலந்து, உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். "இதமா இருக்கு." சூட்டுப் பைப்பைப் பிடிச்சுப் பிடிச்சுக் காய்ச்சுப்போன கை அது. அதுக்கு எது சுடும்? எனக்காவது தோணியிருக்கணும், கூடப்பிறந்த தங்கச்சி நானும் அங்கேதானே நின்னேன். குளிர் படக் கூடாதுன்னு அக்காவோட வலது தோள்ல நிறைய நேரம் ஊத்தினார். அக்காவுக்கு உணர்ச்சியும் இல்லை, சொல்ல வாயும் இல்லை. துண்டால ஒத்துனப்பதான் தோல் கையோட வந்தது.

ஆஸ்பத்திரியில நர்ஸ், யார் குளிப்பாட்டினதுன்னு கேட்டா. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள "நான்தான்"னு சொல்லிட்டு அத்தான் தரையைப் பார்த்தார்.

புண் ஆறிடுச்சு. இப்ப தினமும் உட்லண்ட்ஸ்ல இருக்கிற என் வீட்டுல இருந்து வந்து நான்தான் குளிப்பாட்டுறேன். அத்தான் பாத்ரூம் கதவு வரைக்கும் வீல்சேரைத் தள்ளிட்டு வருவார். அக்கா நல்ல கையால அவர் சட்டையைப் பிடிச்சு உள்ளே இழுப்பாங்க. அவர் அந்த விரல்களை ஒன்னொன்னாப் பிரிச்சு விட்டுட்டு வெளியே போயிடுவார்.