ஆடிப்போன படம்

"மூச்சை இழுங்க... அப்படியே நிறுத்துங்க... கண்ணு இங்க இருக்கட்டும்."

சொல்லிவிட்டு இருதயமேரியும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். எதிரே உட்கார்ந்திருப்பவரைவிட அவர்தான் அதிக நேரம் பிடித்திருப்பார். பொத்தான் அழுந்தியதும் இருவரும் சேர்ந்து மூச்சு விடுவார்கள். சட்டைக் காலர் கோணலாக இருந்தால் படம் கிடையாது. தோளில் நூல் தொங்கினால் எழுந்துபோய்த் தானே பல்லால் கடித்து எடுத்துவிடுவார். பாலக்கரையில் அவருடைய ஸ்டூடியோவில் எடுத்த பாஸ்போர்ட் படத்தை எந்த அலுவலகமும் திருப்பி அனுப்பியதில்லை.

பக்கத்துக் கடை அப்துல் ரஹீம் படங்களுக்குச் சட்டம் போடுகிறவர். முகூர்த்த நாள்களில் கேமராவோடு கல்யாணங்களுக்கும் போவார். மணப்பெண் தும்முவதும் மாப்பிள்ளை அப்பளம் திருடுவதும்தான் அவருக்குப் படம். கேமரா ஒளியை வாங்கும் அளவான ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி, வெளிச்சம் இல்லாத இடத்திலும் சட்டென்று எடுத்துவிடுவார். இருட்டுப் பகுதியெல்லாம் புள்ளி புள்ளியாக விழும்.

"புள்ளி விழுந்தா என்னக்கா? ஆளு உசுரோட தெரியுறான்ல?"

"அரிசியில கல்லு இருந்தா என்னன்னு உங்க வீட்டுல போய்க் கேளுங்க பாய்."

"நீங்க எடுத்தா உசுரோட இருக்கவனும் மாலை போடத் தோதா நிக்கிறான்க்கா!"

இருதயமேரி சிரிக்கமாட்டார். ஆடிய படம் அவருக்கு அவமானம். திரையில் பார்த்த கணமே கட்டைவிரல் அழிக்கும் பொத்தானுக்குப் போய்விடும்.

இந்தச் சுத்தத்தைக் கேள்விப்பட்டுத்தான் ஓர் ஒப்பந்தக்காரர் அவரைத் தேடி வந்தார். ஸ்ரீரங்கத்து விடுதிகளின் மலக்குழிகளைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தம் அவருடையது. குழிக்குள் மனிதனை இறக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இறக்கித்தான் ஆகவேண்டும் என்றால் முகமூடி, கையுறை, ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் வேண்டும் என்றும் இருக்கிறது. முதலாவதை யாரும் கேட்பதில்லை. இரண்டாவதற்கு அதிகாரிகள் படம் கேட்பார்கள்.

கவசம் ஒரே ஒரு செட். ஒருவர் மாட்டிக்கொண்டு நிற்பார். படம் எடுத்ததும் கழற்றி அடுத்தவருக்குக் கொடுப்பார். பிறகு எல்லாரும் அரைக்கால் சட்டையோடு குழிக்குள் இறங்குவார்கள். மார்கழியில் லட்சம் பேர் வந்து குவியும் ஊர். சொர்க்கவாசல் திறப்பதற்கு முன்னால் திறந்தாக வேண்டியவை இந்த மூடிகள். வாசல் வழியாகப் போகிறவர்களுக்குப் புண்ணியம். மூடி வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு போட்டோ.

"கண்ணு முன்னாடியே கழட்டிட்டு எறங்குறாங்களேக்கா?" என்று ரஹீம் ஒருமுறை கேட்டார்.

"நான் எடுக்குறது போட்டோ பாய். எறக்குறது நான் இல்ல."

ஃப்ளாஷ் அடித்தால் ஜாக்கெட்டின் ஒளிரும் பட்டைகள் வெள்ளையாக வெடித்துவிடும். அதனால் கேமராவை ஸ்டாண்டில் பூட்டி, ஐ.எஸ்.ஓ.வைக் குறைத்து, ஷட்டரை நிதானமாகத் திறந்து மூட விடுவார் இருதயமேரி. நிற்பவன் கல்லாக நின்றால் பூட்ஸின் தையல்வரை விழும். அசைந்தால் ஆள் புகையாகிவிடுவான்.

போன மார்கழியில் ஒரு விடுதியின் பின்புறம். முதலில் கவசம் மாட்டியவர் லால்குடிக்காரர் நல்லதம்பி.

"அக்கா, சிரிக்கிற மாதிரி ஒண்ணு எடுங்கக்கா. வீட்டுல கேக்குறா."

"மொதல்ல ஆடாம நில்லுய்யா."

நின்றார். துல்லியமாக விழுந்தது. கழற்றிக் கொடுத்துவிட்டுக் குழிப் பக்கம் போனார். அடுத்து பாலு அதை மாட்டிக்கொண்டு நின்றான். ஷட்டர் திறந்த நேரத்தில் யாரோ "டேய் பாலு, சட்டுனு வாடா!" என்று கூப்பிட, அவன் திரும்பிவிட்டான். திரையில் பாலுவுக்கு இரண்டு முகம். அவனுக்குப் பின்னால் குழியின் வாயில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு வெற்று முதுகு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழுப்புத் தீற்றல்.

இருதயமேரியின் கட்டைவிரல் பொத்தானுக்குப் போனது. அதற்குள் குழிக்குள்ளிருந்து வந்த சத்தம் நின்றுவிட்டது. மேலே நின்றவர்கள் அலறினார்கள். விரல் அங்கேயே நின்றது.

நல்லதம்பியைப் பிணமாகத்தான் தூக்கினார்கள்.

கவசம் கொடுத்தோம், உள்ளே போய் அவனே கழற்றிவிட்டான் என்றார் ஒப்பந்தக்காரர். சாட்சி, இருதயமேரி எடுத்த முதல் படம். பாலு உப்பிலியபுரத்து மாமனார் வீட்டுக்குப் போய்விட்டான், போனை எடுப்பதில்லை. மற்றவர்கள் ஒப்பந்தக்காரருக்குப் பயந்து ஒதுங்கிவிட்டார்கள். தப்பு செத்தவன்மேல் என்று எழுதிவிட்டால் நல்லதம்பியின் மனைவி செல்லக்கிளிக்கு நட்டஈடும் இல்லை, வழக்கும் இல்லை. மிச்சம் இருந்தது அந்த ஆடிய படம் ஒன்றுதான்.

"ஐ.எஸ்.ஓ.வ ஏத்தி வச்சிருந்தா புள்ளி புள்ளியாவாச்சும் மூஞ்சி வந்திருக்கும் பாய்" என்றார் இருதயமேரி, அதைப் பிரிண்ட் போடும்போது.

விசாரணை அதிகாரி இரண்டு படங்களையும் மேசைமேல் வைத்துக்கொண்டார்.

"இதுல யாரும்மா இருக்கா? ஒண்ணுமே தெரியலையே."

"எம் புருசன்ங்க" என்றார் செல்லக்கிளி.

"மூஞ்சியே இல்லையேம்மா."

"முதுகு இருக்குல்லங்க. எம் புருசன் முதுகு எனக்குத் தெரியாதா?"

"முதுகுக்கெல்லாம் ஆதார் இல்லம்மா."

பக்கத்திலிருந்த குமாஸ்தா சிரித்தார். இருதயமேரி குனிந்து விரலால் காட்டினார். "சார், பின்னாடி இவரு வெறும் ஒடம்போட எறங்குறாரு. முன்னாடி நிக்கிறவன் கால்ல அதே பூட்ஸு. இருந்ததே ஒரு செட்டுதான் சார். நேரம் பாருங்க, இது ரெண்டாவது எடுத்தது."

"கேமரா நேரத்த யாரு வேணா மாத்தலாம்மா. இந்தப் படம் நீங்க எடுத்ததுதானே?" முதல் படத்தைத் தூக்கிக் காட்டினார்.

"நான் எடுத்ததுதான்."

"எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க! மூஞ்சி, மாஸ்க்கு, பூட்ஸு, எல்லாம் இருக்கு. பின்னாடி உங்க ஸ்டூடியோ சீலும் இருக்கு. தெளிவா இருக்குறதத்தானே நாங்க எடுத்துக்க முடியும்?"

ஆடிய படத்தைச் செல்லக்கிளியின் பக்கம் தள்ளிவிட்டு, அதிகாரி பேனாவைத் திறந்தார்.

இருதயமேரி எட்டித் துல்லியமான படத்தை எடுத்தார். திருப்பினார். கட்டைவிரலை நாக்கில் நனைத்து, சீலில் இருந்த தன் பெயர்மேல் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். "ஏம்மா, ரெக்கார்டும்மா அது!" என்று அதிகாரி எழுந்தார். ஊதா மை பரவி, தாள் திரிதிரியாக உரிந்து, விரல் மறுபக்கத்துக்கு வரும்வரை அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார்.